மருத்துவச்சி பிரசவ மையம் பற்றிப் பேசப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

மருத்துவச்சிகளே பொறுப்பேற்றுப் பிரசவம் பார்க்கும் மையங்களைப் பற்றிக் கடற்கரை ஊர்களுக்குப் புதிதாகப் பேசப் போகும் நர்ஸ் பிள்ளைகளோடும் தன்னார்வலர்களோடும் கொஞ்ச நாளாகக் கூடவே போய் வருகிறேன். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும், நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ அங்கேயேதான் அவர்களும் சறுக்குகிறார்கள். மைக் கரகரத்தது, நோட்டீஸில் எழுத்துப் பிழை என்பதெல்லாம் நாலு கூட்டம் போனால் தானே சரியாகிவிடும். தானே சரியாகாதவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுப் பிரசவத்தோடு சேர்த்துப் பேசுவது

"அந்தக் காலத்துல நம்ம ஆத்தாமாரெல்லாம் வீட்டுலயே பெறலையா?" என்று பேச்சைத் தொடங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வந்த வேலை அதோடு கெட்டது. 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு தாய் இறந்தது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதைச் சாதிக்கக் கிராம சுகாதார நர்ஸ்கள் தெருத் தெருவாக நடந்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குலைக்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது.

நாம் சொல்வது வேறு. 2018 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவச்சி சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி நர்சிங் படித்தவர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி. பிரசவம் அதிகம் நடக்கும் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்தே, இவர்கள் பொறுப்பில் ஒரு பிரிவு. சிக்கல் இல்லாத கர்ப்பம் மட்டும் அங்கே. தாய் நடக்கலாம், குந்தலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், பசித்தால் கஞ்சி குடிக்கலாம். துணைக்கு ஒருவர் கூடவே இருக்கலாம். அவசியமில்லாமல் கீறித் தையல் போடுவதில்லை, வலியை வேகப்படுத்த ஊசி போட்டு விரட்டுவதில்லை. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் கையில் பிள்ளை பெற்றவர்கள் நம் கூட்டத்திலேயே நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை முதலில் பேசச் சொல்லுங்கள்.

"ஆபரேஷன் கிடையாது" என்று வாக்குக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். அனுபவிப்பது பிரசவ அறையில் கிடக்கிற பெண்.

தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 அறுவை சிகிச்சை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கு 44.9 சதவீதம். அறுவை 10 சதவீதத்துக்கு மேல் போவதால் ஒரு நாட்டில் தாய், சிசு மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. இதைப் படித்துவிட்டுப் போகும் பிள்ளைகள் நேராகக் கூட்டத்தில் அடித்துச் சொல்கிறார்கள்: "எங்ககிட்ட வந்தா கத்தி வைக்க மாட்டாங்க." மீனவக் குடும்பத்துக்கு இந்த வார்த்தை எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். கடல்பாசி எடுக்கப் போகிற பெண், வயிற்றில் தையலோடு எத்தனை மாதம் தண்ணீரில் இறங்காமல் இருக்க முடியும்?

பாம்பன் பக்கத்துப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். இப்படி ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு, நர்ஸ்களே பிரசவம் பார்க்கும் ஒரு நிலையத்துக்கு வந்தாள். காலையில் நன்றாகத்தான் நடந்தது. மத்தியானத்துக்கு மேல் கர்ப்பவாய் திறப்பது அப்படியே நின்றுவிட்டது. பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். நர்ஸ் தயங்கவில்லை, ராமநாதபுரத்துக்குக் கிளம்பச் சொல்லி 108-க்குப் போன் போட்டுவிட்டார். வண்டி வந்து நின்றது. மாமியார் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் பண்ண மாட்டோம்னு சொல்லித்தானே நர்சம்மா கூப்பிட்டீங்க? இப்ப மட்டும் எப்படி?"

வீட்டுக்காரர் கடலில். போன் எடுக்கவில்லை. பெண்ணோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் வரல, நான் வரல" என்று அழுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம்தானே அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தோம்? பேசிப் பேசி, அரை மணி நேரத்துக்கு மேல் போனபிறகு வண்டி ஏறினாள். பாம்பன் சாலைப் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன, ஆட்கள் இறங்கிக் கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் சைரனை நிறுத்தவே இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். குழந்தை பச்சிளங்குழந்தை வார்டில் கிடந்துதான் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நம் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. "ஏமாத்திட்டாங்க" என்பதுதான் அங்கே நிலைத்த பேச்சு.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதை மறைத்துப் பேசவே கூடாது. அது மையத்தின் தோல்வி அல்ல, மையம் நடக்கிற முறையே அதுதான். 2011-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வைப் பாருங்கள். மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே தனியாக இயங்கிய மருத்துவச்சி மையங்களுக்குத் தலைப்பிரசவத்துக்கு வந்தவர்களில், 100-க்கு 36 பேரை வலி நேரத்திலோ பெற்றவுடனேயோ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முன்பே பெற்றவர்களில் 100-க்கு 9 பேர். வலி முன்னேறாமல் நிற்பதுதான் முக்கியக் காரணம். ஓடு ஓடு என்று ஓடிய கேஸ்கள் குறைவு. இத்தனை பேரை அனுப்பியும், அந்த மையங்களில் பிரசவத்தைத் தொடங்கியவர்களுக்கு அறுவை குறைவாகவே இருந்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனையைவிட ஆபத்து கூடவில்லை. அனுப்ப வேண்டியவர்களைத் தாமதிக்காமல் அனுப்பினால்தான் இப்படி முடியும்.

ஆகவே கூட்டத்தில் இப்படிச் சொல்லுங்கள்: "முடிஞ்ச வரைக்கும் இங்கேயே பெறலாம். தலைப்பிரசவமா இருந்தா மூணுல ஒருத்தரை அனுப்ப வேண்டி வரலாம். அனுப்பும்போது நான் கூடவே வருவேன்." இந்தக் கடைசி வரியைச் சொன்னால் அதை நிறைவேற்ற வேண்டும். யார் கூடப் போவது, எந்த வண்டி, ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு 55 கிலோமீட்டர் எவ்வளவு நேரம் பிடிக்கும், வீட்டுக்காரர் கடலிலோ துபாயிலோ இருந்தால் யார் முடிவு சொல்வது, எல்லாவற்றையும் எட்டாம் மாதமே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மாமியார் முன்னால் பேசுங்கள்.

அறுவை செய்து பெற்ற தாயையும் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். "என்னை அனுப்புனாங்க, நல்லவேளை போனேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாம் ஒரு மணி நேரம் பேசுவது மிச்சம்.

யாருக்கு ஆகாது என்பதைச் சொல்லாமல் விடுவது

முந்தைய பிரசவம் அறுவை, இரட்டைப் பிள்ளை, தலை திரும்பாத குழந்தை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை. இவர்களுக்கு டாக்டர் இருக்கும் இடம்தான். இதைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், வாசல் வரை வரவைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

டாக்டர்களைக் குறை சொல்வது

வேண்டாம். நாளைக்கு அவர்களிடம்தான் அனுப்பப் போகிறோம்.

புகுந்த வீட்டு ஊரில் மட்டும் பேசுவது

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். தேவிபட்டினத்தில் நம் பேச்சைக் கேட்டவள், வளைகாப்பு முடிந்ததும் சாயல்குடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய அம்மாவுக்கு நாம் யாரென்றே தெரியாது, வலி வந்தால் அவர் பழகிய இடத்துக்குத்தான் கூட்டிப் போவார். அதனால் பதிவு செய்யும்போதே "பேறுகாலத்துக்கு எந்த ஊருக்குப் போறம்மா?" என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் இருப்பதால் அந்த ஊர்க் கிராம சுகாதார நர்ஸுக்குச் சொல்லிவிடுவது பெரிய வேலை இல்லை. அம்மாவின் போன் நம்பரையும் வாங்கி, ஒரு தடவை அவரிடம் பேசிவிடுங்கள்.

நாள் பார்க்காமல் கூட்டம் போடுவது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகிற பெண்கள் வர மாட்டார்கள். விசைப்படகு கரைக்கு வரும் நாளில் மீன் பிரிக்கிறவர்களும் வர மாட்டார்கள். தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை பூசை, கீழக்கரையில் வெள்ளி மத்தியானம் தொழுகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். புருஷன்மாரை உட்காரவைத்துப் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

படம்

வெளிநாட்டில் தொட்டித் தண்ணீருக்குள் பிள்ளை பெறும் வீடியோவைக் காட்டாதீர்கள்.

மணிக்கணக்கைச் சொல்லாமல் விடுவது

"காலையில போன புள்ள, இன்னும் பெறலையே" என்று வாசலில் நிற்கிறவர்கள் பதறுவார்கள். பதறினால் ஊசி போடச் சொல்லி நச்சரிப்பார்கள், இல்லையென்றால் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முழு வலிக் கணக்கு தொடங்குகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. அதிலிருந்து கர்ப்பவாய் முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம், அடுத்த பிரசவங்களுக்கு 10 மணி நேரம் வரை ஆகலாம். வாசலில் நிற்கப் போகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, பிள்ளையின் இதயத் துடிப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.