ஒரு சோப்பா, ஒரு பெட்டியா? ஆன்லைன் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும்போது நேரும் தவறுகள்

சோப்புத் தயாரித்து ஆன்லைன் கடைகளுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனிச் சோப்பு, பன்னிரண்டு சோப்பு கொண்ட சின்னப் பெட்டி, அப்படி நான்கு பெட்டி அடங்கிய பெரிய அட்டைப்பெட்டி, அதற்கு அடுத்து, அட்டைப்பெட்டிகளை அடுக்கி அனுப்பும் தட்டான பாலெட். அடுக்குகள் இவ்வளவுதான். சரக்கு திரும்பி வந்து பணம் முடங்குவதற்கு இவற்றைக் குழப்பிக்கொள்வதே போதும்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு, சோப்பின் பார்கோடையே பெட்டிமேலும் ஒட்டுவது. குடோனில் ஸ்கேன் செய்பவர் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். 48 சோப்பு உள்ள பெட்டி ‘ஒன்று’ என்று கணக்கில் ஏறும். மீதி 47-க்குப் பணம் கேட்டு நீங்கள் அலைய வேண்டும். இல்லையென்றால், ஒரு சோப்பு கேட்டவர் வீட்டுக்கு முழுப் பெட்டியும் போய்ச் சேரும்.

பெட்டிக்கென்று 14 இலக்க எண் உண்டு. சோப்பின் பார்கோடில் உள்ள 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு, முன்னால் 1 முதல் 8 வரை ஓர் இலக்கம் சேர்ப்பார்கள். சின்னப் பெட்டிக்கு 1, பெரியதற்கு 2 என வைத்துக்கொள்ளலாம். அதன்பின் கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தை, அதாவது எண்ணில் பிழை உண்டா என்று காட்டும் இலக்கத்தை, புதிதாகக் கணக்கிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். உதாரணத்துக்கு, சோப்பின் எண் 8901234567890 என்றால் சின்னப் பெட்டிக்கு 18901234567897. பூஜ்யம் இருந்த இடத்தில் 7 வந்துவிட்டது, பாருங்கள்.

மூன்று சோப்பைச் சேர்த்துக் காம்போவாக விற்றால் கதை வேறு. அது வாடிக்கையாளர் வாங்கும் பொருள். அதற்குத் தனியாகப் புதிய 13 இலக்க எண் வேண்டும். உள்ளே இருக்கும் சோப்புகளின் பார்கோடு வெளியே தெரியக் கூடாது. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, உள்ளே எத்தனை என்பதையும் காம்போவின் எம்.ஆர்.பி.யையும் மேலே அச்சிட வேண்டும்.

பண்டிகைக்காகப் பெட்டியில் 48-ஐ 40 ஆகக் குறைத்தால் பெட்டி எண்ணும் மாற வேண்டும். பாலெட்டுக்கு 18 இலக்க எண். ஒரு பாலெட்டுக்கு ஒட்டிய எண்ணை இன்னொரு பாலெட்டுக்கு ஒட்டாதீர்கள்.

ஆர்டரில் ‘20’ என்று இருந்தால் சோப்பா பெட்டியா என்று முதலில் கேளுங்கள். பெரிய பெட்டி என்றால் அது 960 சோப்பு! ஆர்டர் 50 சோப்பு என்று வந்தால், மிஞ்சும் இரண்டை வேறு பொருளின் பெட்டியில் சொருகி அனுப்ப வேண்டாம். 48 அல்லது 96 ஆக மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பிறகு பேக் செய்யுங்கள்.