குளிரும் கேரேஜில் ஒரு பட்டறை: முதலில் கூரை, பிறகு ஹீட்டர், அதற்கப்புறம் ஸ்பேனர்

வீட்டு கேரேஜைப் பட்டறையாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கருவி வாங்குகிறார்கள், அடுத்து ஹீட்டர். இரண்டும் வந்து சேர்ந்த பிறகும் விரல் விறைக்கும்போதுதான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் வாங்க வேண்டிய ஹீட்டரின் அளவே பாதிக்கும் கீழே வந்துவிடும். கருவிகளும் துருப்பிடிக்காது. குளிரும் துருவும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

ஒரு கார் நிற்கும் கேரேஜை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். ஒரு நீளச் சுவர் வீட்டோடு ஒட்டியிருக்கிறது. வெளியே 0 டிகிரி, உள்ளே 15 டிகிரி வேண்டும். வேலை செய்யும் உடம்பும் சூடு தரும் என்பதால் 15 போதும். பரப்பை (சதுர மீட்டரில்) அந்தப் பொருளின் வெப்பக் கடத்து மதிப்பாலும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தாலும் பெருக்கினால் எத்தனை வாட் வெளியேறுகிறது என்று தெரியும். வெறும் தகரக் கூரைக்கும் தகரக் கதவுக்கும் அந்த மதிப்பு சுமார் 6. அரைச் செங்கல் சுவருக்கு சுமார் 3.

கூரை 18 சதுர மீட்டர்: 1,620 வாட். வெளிச்சுவர் 24 சதுர மீட்டர்: 1,080 வாட். கதவு 4.6 சதுர மீட்டர்: ஏறத்தாழ 415 வாட். கதவிடுக்கு வழியாக மணிக்கு 3 முறை உள்காற்று முழுவதும் மாறினால் அதற்கு 640 வாட். தரைக்கு 150 வைத்துக்கொள்ளலாம். மொத்தம் ஏறத்தாழ 3,900 வாட்.

இப்போது சுவரைத் தொடாமல் மூன்று வேலை மட்டும் செய்கிறோம். கூரைக்கு உள்பக்கம் 100 மி.மீ. ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கல்பஞ்சு) வைத்தால் 1,620 வாட் 110 ஆகிவிடும். கதவுக்கு 40 மி.மீ. ஃபோம் பலகை வைத்தால், சட்டங்கள் வழியே கசிவதையும் சேர்த்து 415 வாட் சுமார் 85 ஆகும். இடுக்குகளை அடைத்துக் காற்று மாற்றத்தை மணிக்கு ஒரு முறையாகக் குறைத்தால் 640 வாட் 215 ஆகும். மொத்தம் 1,650 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். சுவருக்கும் 50 மி.மீ. ஃபோம் போட்டால் 800 வாட்டுக்கும் கீழே. செங்கல் சுவரைத்தான் குறை சொல்வார்கள், ஆனால் இந்தக் கணக்கில் முதல் குற்றவாளி கூரை.

இடுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கப் பகலில் உள்ளே நின்று, விளக்கை அணைத்து, கதவை முழுவதும் மூடுங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் காற்று வரும் இடம். கதவின் அடியில் ரப்பர் பட்டை, பக்கவாட்டில் பிரஷ் பட்டை. தரை மேடுபள்ளமாக இருந்தால் கதவில் ஒட்டும் ரப்பரை விட, தரையில் ஒட்டும் ரப்பர் வாசற்படி நன்றாக அடைக்கும், மழைத்தண்ணீரும் உள்ளே வராது.

இங்கே மூன்று தவறு அடிக்கடி நடக்கிறது. மேலே தூக்கும் கதவுக்கு ஃபோம் ஒட்டினால் எடை கூடும், ஸ்பிரிங்கின் இழுவிசையை மாற்ற வேண்டிவரும். மேலே கம்பியில் முறுக்கி நிற்கும் ஸ்பிரிங்கை நீங்களாகத் தொடாதீர்கள். கழன்றால் கை எலும்பை முறிக்கும் விசை அதில் இருக்கிறது, கதவு மெக்கானிக்தான் அதற்கு ஆள். இரண்டாவது, ராக்வூலுக்கு மேல் நீராவித் தடுப்புத் தாளைக் குளிர்ந்த பக்கம் போடுவது. அது சூடான பக்கம், அதாவது நீங்கள் நிற்கும் பக்கம்தான் வர வேண்டும். மாறினால் ஈரம் பஞ்சுக்குள்ளேயே தங்கி, கூரை சொட்டும். மூன்றாவது, ஃபோமை மூடாமல் அப்படியே விடுவது. கிரைண்டர் பொறியோ வெல்டிங் பொறியோ பட்டால் அது எரிந்து கரும்புகை கக்கும். மேலே ஜிப்சம் பலகை கட்டாயம்.

ஹீட்டர்

எரிந்த புகையை உள்ளேயே விடும் கேஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் சூட்டோடு தண்ணீரையும் தருகின்றன. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வெளிவரும். 4 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 300 கிராம் அளவில் எரிக்கும், அதாவது மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. 15 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 7 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் பனித்துளியாகப் படியும். காற்று பத்து நிமிடத்தில் சூடாகிவிடும், 20 கிலோ வைஸ் (வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஆகாது. இரவெல்லாம் 3 டிகிரியில் கிடந்த வைஸும் சாக்கெட் பெட்டியும் வேர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே குளிர்காலத்தில் புது அரங்கள் பழுப்பாகிவிடும். கார்பன் மோனாக்சைடு அபாயம் இதற்கெல்லாம் மேல். இடுக்கை அடைத்த கேரேஜில் இந்த வகை வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

புகைக்குழாய் வெளியே போகும் டீசல் ஹீட்டர் இந்த இரண்டு குறையும் இல்லாதது. எரிவதற்கான காற்றையும் வெளியிலிருந்தே இழுக்கும்படி குழாய் வையுங்கள், இரண்டு குழாய்களின் வாயும் எதிரெதிரே வரக்கூடாது. குழாய்க் கிளாம்புகளை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள், பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும்.

மின்சாரத்தில், எப்போதாவது ஒரு மணி நேரம் வேலை செய்பவருக்கு மேலே சாய்த்து மாட்டும் அகச்சிவப்பு ஹீட்டர் நல்லது. அது காற்றைச் சூடாக்குவதில்லை, எதிரே இருக்கும் ஆளையும் மேசையையும் கருவியையும் சூடாக்கும். முதுகுப்பக்கம் ஒன்று, மேசைமேல் ஒன்று என்று இரண்டு சின்னது மாட்டினால் ஒரு பெரியதைவிட இதம். வாரம் முழுவதும் வேலை செய்பவர் ஏசி போன்ற ஹீட் பம்பைப் பார்க்கலாம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சூடு தரும், ஆனால் மரத்தூள் அதன் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். ஃபேன் ஹீட்டர் மலிவு. மரத்தூள் பறக்கும் இடத்தில் அதன் சிவந்த கம்பி தூளைக் கருக்கும், அந்த இடத்துக்கு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர்தான் சரி. வேலை இல்லாத நாளிலும் அதை 5 டிகிரியில் விட்டுவைத்தால் பெயின்ட் உறையாது, இரும்பு வேர்க்காது.

அளவு: மேலே போட்ட கணக்கில் 1,650 வாட் என்பது சூட்டைத் தக்கவைக்க மட்டும். குளிர்ந்து கிடக்கும் இடத்தை அரை மணியில் ஏற்ற அதைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். ஆகவே 2.5 முதல் 3 கிலோவாட். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். காரோ பைக்கோ உள்ளே நிற்கும் இடத்தில் தணலோ பொறியோ உண்டாகும் எதுவும் தரையிலிருந்து 45 செ.மீ.க்கு மேலே இருக்க வேண்டும்.

கரண்ட்

230 வோல்ட்டில் 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். சின்னக் கம்ப்ரசர் ஓடும்போது 7 ஆம்பியர், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. இரண்டும் ஒரே லைனில் இருந்தால், குளிரில் ஆயில் கெட்டியாகியிருக்கும் கம்ப்ரசர் முனகிக்கொண்டே நிற்கும், பிறகு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். கம்ப்ரசரில் கோளாறு தேடுவார்கள், கோளாறு கேபிளில் இருக்கும். 2.5 சதுர மி.மீ. கேபிளில் ஒரு மீட்டருக்கு ஒரு ஆம்பியருக்கு 18 மில்லிவோல்ட் இறங்கும். 20 மீட்டர் தூரத்தில், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் 40 ஆம்பியரில் கிளம்பினால் 19 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 8 வோல்ட்தான். கேரேஜுக்குத் தனிப் பெட்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), ஹீட்டருக்குத் தனி லைன், விளக்குக்கு அந்த ஆர்சிசிபியைச் சேராத தனி லைன். கிரைண்டர் ஓடும்போது ஆர்சிசிபி விழுந்து விளக்கும் சேர்ந்து அணைந்தால், சுழலும் வட்டு இருட்டில் உங்கள் கையில் இருக்கும். எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுற்றிய நிலையில் ஹீட்டருக்குப் பயன்படுத்தினால் உள்ளே சூடேறி உறை உருகும். இந்த லைன் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வெளிச்சம் 500 லக்ஸ் வேண்டும். 18 சதுர மீட்டருக்கு 9,000 லூமன், சுவரும் தூசியும் விழுங்குவதைச் சேர்த்து 14,000. 2,000 லூமன் தரும் 1.2 மீட்டர் எல்இடி டியூப் 7 போதும். மேசைக்கு நேர் மேலே மாட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல்தான் வேலைமேல் விழும்.

மேசையும் வைஸும்

மேசை உயரம் 85 முதல் 90 செ.மீ. பலகை 50 மி.மீ. கனம், சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியது. 18 மி.மீ. பிளைவுட்டை மூன்று அடுக்காக ஒட்டினாலே அந்தக் கனம் வந்துவிடும். வைஸ் 125 மி.மீ. வாய் அகலம். அதைக் காலுக்கு நேர் மேலே பொருத்துங்கள், நடுவில் வைத்தால் சுத்தியால் அடிக்கும்போது பலகை துள்ளும். வைஸின் அசையாத தாடை மேசை விளிம்பைவிட ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க முடியாது, மேசை இடிக்கும். இதைக் கவனிக்காமல் துளை போட்டுவிட்டு மறுபடி கழற்றுபவர்கள் நிறைய. தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் தேய்க்கும்போது தோள் வலிக்காது.

கருவிகள்

200 உருப்படி கொண்ட பெட்டி வேண்டாம். அதில் பாதி ஸ்க்ரூ டிரைவர் பிட், மீதியில் நீங்கள் தொடாத அளவுகள். தனித்தனியாக வாங்குங்கள். காம்பினேஷன் ஸ்பேனர் 8, 10, 12, 13, 14, 15, 17, 19. இதில் 10 மட்டும் இரண்டு, காணாமல் போவது எப்போதும் அதுதான். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையின் மூலையைப் பிடிக்கும், துருவேறிய போல்ட் என்றால் மழுக்கிவிடும். ஆறு முனை பக்கத்தைப் பிடிக்கும். ஜப்பானிய பைக்கின் ஸ்க்ரூ பிலிப்ஸ் போலவே தெரியும், ஆனால் பலவற்றில் அது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக இறங்காமல் நழுவி ஸ்க்ரூ தலையைத் தின்னும். ஜேஐஎஸ் டிரைவர் இரண்டாம் எண் ஒன்று வாங்கிவைத்தால் கார்புரேட்டர் வேலைக்குக் கைகொடுக்கும்.

டார்க் ரென்ச் (குறித்த விசையளவுக்கு போல்ட்டை இறுக்கும் ஸ்பேனர்) ஒன்று, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள், ஸ்பிரிங் தளராது. அதை வைத்து இறுகிய போல்ட்டைக் கழற்றாதீர்கள். அந்த வேலைக்கு நீளக் கைப்பிடி இருக்கிறது.

மரை போட: எம்6-க்கு (6 மி.மீ. போல்ட்) 5 மி.மீ. துளை, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. டேப் (மரை வெட்டும் கருவி) அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, எண்ணெய் விட்டு. டேப் உள்ளே உடைவது பெரும்பாலும் துளை சிறிதாக இருந்ததாலோ, சாய்வாக இறங்கியதாலோ. இரும்பில் 10 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 800 சுற்று போதும். முழு வேகத்தில் அழுத்தினால் பிட்டின் நுனி நீலமாகும், அதோடு அதன் கூர் போச்சு.

ஆங்கிள் கிரைண்டர் வாங்கினால் 125 மி.மீ. வாங்குங்கள், வட்டை மூடும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றாதீர்கள், வட்டில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். பெஞ்ச் கிரைண்டரில் கல்லுக்கும் தாங்கிக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கல் தேயத் தேயத் தாங்கியை நகர்த்தாதவர்களின் வேலைப்பொருள்தான் அந்த இடுக்கில் சிக்கிக் கல்லை உடைக்கும். சாதாரணச் சாம்பல்நிறக் கல்லில் அலுமினியம் தேய்த்தால் கல் அப்பிக்கொள்ளும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். காருக்கு அடியில் போவதென்றால் ஜோடி ஸ்டாண்ட், சமதளக் கான்கிரீட், சக்கரத்துக்கு முட்டு. ஜாக்கியின் ரப்பர் சீல் எந்தச் சத்தமும் இல்லாமல் கசிந்து இறங்கும்.

குளிர்காலப் பழக்கங்கள்

லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள், செல்லுக்குள் உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் கொண்டுபோய் ஏற்றுங்கள். மரப்பசை, எபாக்சி, சிலிகான் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஒட்ட வேண்டிய மரத்தையும் முன்கூட்டியே சூடாக்குங்கள், குளிர்ந்த மரத்தில் பசை வெள்ளைத் தூளாகக் காயும், பிடிக்காது. ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கினால் சிலிக்கா சக்கரம் உள்ள வகை. கம்ப்ரசர் வகை 10 டிகிரிக்குக் கீழே உறைபனி பிடித்து நின்றுவிடும். கம்ப்ரசர் டேங்கின் அடிவால்வை ஒவ்வொரு நாளும் திறந்து தண்ணீரை விடுங்கள்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இரும்பை ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் அது பாஸ்ஜீன் விஷவாயுவாக மாறும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகரவாளியில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவையுங்கள். தீயணைப்பான் உள்சுவரில் வேண்டாம், வெளியேறும் கதவருகே மாட்டுங்கள்.