வெயிலில் நிற்கும் கால்களும் சட்டென்று எழும் உடம்பும்: இரத்த ஓட்டம் குறித்து நாம் செய்யும் தவறுகள்

அணிவகுப்பில் விறைப்பாக நிற்கும் திடகாத்திரமான வீரர் ஒருவர், வெயில் ஏறிய பிறகு மரம் போலச் சாய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வயிறு இல்லை, கால். அவருடைய இரத்தத்தில் ஒரு பகுதி அங்கே இறங்கித் தேங்கிவிட்டது.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களில்தான் கிடக்கும். சிரைகளின் சுவர் மெல்லியது, எளிதில் விரிந்து கொடுக்கும். அதனால் படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டர் அல்லது அதற்கும் மேல் இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு, துடிப்பைக் கூட்டி இரத்தக் குழாய்களைச் சுருக்க வைக்கும். சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும்.

வெப்பம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. உடல் சூட்டை வெளியேற்றத் தோலின் குழாய்கள் விரிய வேண்டும். சாதாரண நேரத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் போகும் இரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை போகலாம். போதாக்குறைக்கு வியர்வையாக நீரும் குறைகிறது. நிற்பதை மட்டுமோ வெப்பத்தை மட்டுமோ உடம்பு சமாளித்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது.

ஆகவே முதல் தவறு, வெயிலில் முழங்காலை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது. அப்படி நிற்கும்போது பாதச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறும். நடக்கத் தொடங்கினால் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரைகளைப் பிழிகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் இரத்தம் திரும்பக் கீழே வழியாமல் தடுக்கின்றன. இந்த வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-லேயே எழுதிவிட்டார். நகர முடியாத இடத்தில் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். தலை லேசானால் கால்களைப் பின்னி, தொடையை இறுக்கிப் பிடிக்கலாம். உட்கார முடிந்தால் அதுதான் உத்தமம்.

வெந்நீர்த் தொட்டியில் வெகுநேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று எழுவதும் இதே கணக்குதான். நானே ஒருமுறை அப்படி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கதகதப்பான படுக்கையிலிருந்து நடு இரவில் எழுந்து கழிப்பறைக்கு ஓடுவதும் அப்படியே. ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, அப்புறம் எழுந்திருங்கள். ஓடி முடித்ததும் அப்படியே நின்றுவிடுவதும் தப்பு. சில நிமிடங்கள் மெல்ல நடக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, மயங்கியவரைச் சுற்றி நிற்பவர்கள் செய்யும் தவறு. பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்துவார்கள், நாற்காலியில் சாய்ப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பு விழுந்ததே ஒரு வகையில் வைத்தியம்: படுத்துவிட்டால் இதயமும் தலையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மறுபடி நிமிர்த்தினால் அந்த உதவியும் போய்விடும். நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்து, அடிபடவில்லை என்றால் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நன்றாக விழித்துக்கொள்ளும் வரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சும் குழம்பினால் அது வெறும் மயக்கமல்ல, வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை உடலை நனைத்து விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

வெப்ப நாளில் இரண்டு கணுக்காலும் வீங்குவது சகஜம். காலை உயர்த்தி வைத்தால் வடியும். ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் உருவிவிடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். கால் மரத்துப்போவதை இரத்தம் ஓடவில்லை என்பார்கள். பெரும்பாலும் அது நரம்பு அழுந்துவதால் வருவது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இரத்த ஓட்டத்துக்காக என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது, சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும். கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலை சுற்றலாம். ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையைத் தொங்கவிடாதீர்கள். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே கை இருந்தாலே அளவு ஏறக்குறைய 8 மி.மீ. கூடிக் காட்டும். அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வெயில் காலத்தில் எழுந்ததும் தலை சுற்றினால், மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்திருந்தால், அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள்.