பழைய கைவயரிங் பேஸ்மேன், புதிய பிசிபி பேஸ்மேன்: நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

கையால் வயரிங் செய்த பழைய வால்வு ஆம்ப்தான் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் கருவி) உசத்தி என்று ஒரு கட்சி. பிசிபியில், அதாவது பாகங்களை அச்சிட்ட செப்புப் பாதைகளால் இணைக்கும் பலகையில், செய்த புதுசும் அதே சர்க்யூட்தானே, வித்தியாசமெல்லாம் மனப்பிரமை என்று இன்னொரு கட்சி. இரண்டு ஆம்ப்களையும் ஒரே நிலைமையில் வைத்துக் கேட்காதவரை இந்தச் சண்டை தீராது. வால்வு, ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் பாகம்), ஸ்பீக்கர், வோல்டேஜ் ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் ‘கைவயரிங்கின் மகிமை’ என்று நம் காது எழுதிக்கொள்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஃபெண்டர் கம்பெனியின் பேஸ்மேன். 1952-இல் பேஸ் கிட்டாருக்கென்றே வந்த ஆம்ப் இது. 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ சர்க்யூட்டில் இரண்டு 5881 பவர் வால்வு, ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபையர், முன்பகுதியில் ஒரு 12ஏஒய்7, இரண்டு 12ஏஎக்ஸ்7, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர். சக்தி சுமார் 40 வாட். 1990-இல் ஃபெண்டரே பிசிபியில் இதை மறுபடி வெளியிட்டது. எல்டிடி என்ற பதிப்பு அதற்குப் பிறகு வந்தது.

தேவையானவை

600 வோல்டுக்கு மேல் தாங்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்கள், ஒரு மரக்குச்சி, பயாஸ் புரோப் (பவர் வால்வில் ஓடும் கரன்ட்டை அளப்பது), லூப்பர் பெடல் (வாசிப்பைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுவது). அமெரிக்க வோல்டேஜ் ஆம்ப் என்றால் 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும்.

படி 1: கரன்ட் கொடுக்கும் முன்

பழைய பேஸ்மேன் 110-117 வோல்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்டில் நேராகச் செருகினால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். புதிய ஆம்ப் 230 வோல்ட் பதிப்பா என்பதைப் பின்புறத் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்-டவுன் வாங்கும்போது ‘ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்’ வேண்டாம். பிரைமரியும் செகண்டரியும் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் வகையைக் கேளுங்கள். ஆட்டோ வகையில் பிளக் திரும்பிவிட்டால் இரண்டு வயரிலும் கரன்ட் வரும். பழைய ஆம்பில் இரண்டு பின் பிளக்தான். போதாக்குறைக்கு கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) ஒரு 0.05 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் உண்டு. அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பி வழியாக உங்களுக்கு ஷாக். அந்தக் கெபாசிட்டரைக் கழற்றி, மூன்று கோர் வயர் போட்டு, எர்த்தை சேஸிஸில் போல்ட் வைத்து முடுக்கிய பிறகுதான் மற்ற வேலை. ‘ஒரிஜினல் கெட்டுவிடும்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இன்னொன்று: 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். முதல் அரை மணி நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 2: வயதைச் சரிபார்த்தல்

உள்ளே ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1951, ஹெச் 1958, ஐ 1959, ஜே 1960. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே. ஸ்பீக்கரில் 220 என்று தொடங்கும் எண் இருந்தால் தயாரித்தது ஜென்சன். 220832 என்றால் 1958-இன் 32-ஆவது வாரம். பொட்டன்ஷியோமீட்டரில் (வால்யூம், டோன் குமிழின் பாகம்) தொடக்க எண் 304 என்றால் தயாரித்தது ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். டிரான்ஸ்ஃபார்மரில் 830 டிரையாட், 606 ஷூமாக்கர். அடுத்து வருவது இதேபோல் ஆண்டும் வாரமும்.

முத்திரையைவிடப் பல ஆண்டு பிந்திய எண் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் (பவர் வால்வையும் ஸ்பீக்கரையும் இணைப்பது) இருந்தால் அது மாற்றப்பட்டது. அப்போது நீங்கள் ஒப்பிடுவது 1958-இன் சத்தத்தை அல்ல.

படி 3: உள்ளே பார்த்தல்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் (டிசியைச் சமன்படுத்துவது) 400 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனையிலும் பத்து நொடி வையுங்கள். ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், மற்றது பின்னால் இருக்கட்டும். மீட்டர் 10 வோல்டுக்குக் கீழே காட்டிய பிறகு தொடலாம். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் வால்வு ரேடியோ பழுது பார்த்த அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு நேராக 5-ஆவது படிக்குப் போங்கள்.

பழையதில் கறுப்பு ஃபைபர் போர்டு, அதில் பித்தளைக் கண்ணிகள், அவற்றில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் கால்களைச் செருகிப் பற்றவைத்திருப்பார்கள். வால்வு சாக்கெட் சேஸிஸில் இருக்கும்; வயர்தான் இணைப்பு. எந்தப் பாகத்தையும் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் அந்த ஃபைபர் போர்டு ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் வருடக்கணக்கில் கிடந்த ஆம்ப் என்றால் போர்டே லேசாகக் கரன்ட் கடத்தும். மர்மமான கரகரப்பு வரும். மீட்டரின் நெகட்டிவை சேஸிஸில் வைத்து, ஆம்ப் ஓடும்போது போர்டின் வெற்றிடத்தில் பாசிட்டிவ் முனையை அழுத்துங்கள். பாகமே இல்லாத இடத்தில் சில வோல்ட் காட்டினால் இதுதான் காரணம்.

புதியதில் பாகங்கள் பிசிபியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டியது போர்டை அல்ல, வால்வு சாக்கெட்டும் பொட்டன்ஷியோமீட்டரும் எதில் மாட்டப்பட்டிருக்கின்றன என்பதை. போர்டிலேயே என்றால், பவர் வால்வின் சூடும் ஸ்பீக்கர் அதிர்வும் சேர்ந்து நாளடைவில் சாக்கெட் காலைச் சுற்றிச் சால்டரில் வளையமாக வெடிப்பு விழும். ஆம்ப் சூடானதும் சத்தம் விட்டுவிட்டு வருவது இதனால்தான். மரக்குச்சியால் தட்டிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

படி 4: அளவிடுதல்

பழைய கார்பன் ரெசிஸ்டர் வயதாக ஆக மதிப்பு ஏறும். 12ஏஎக்ஸ்7 பிளேட்டில் (வால்வின் பாசிட்டிவ் முனை) உள்ள 100 கிலோ ஓம், 120 தாண்டியிருந்தால் ‘உஸ்ஸ்’ இரைச்சலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஹீட்டர் 6.3 வோல்ட் ஏசி, 5.7-க்கும் 6.9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அடுத்து, பவர் வால்வுகளின் 5-ஆம் பின்னில் மைனஸ் 48 வோல்டை ஒட்டி வரும். இரண்டு வால்வுக்கும் ஒரு வோல்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு பக்கத்துக் கப்ளிங் கெபாசிட்டர் (சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுப்பது) கசிகிறது. அந்த வால்வின் பிளேட் சிவக்கத் தொடங்குவதற்குள் மாற்றுங்கள்.

உறுமலையும் கவனியுங்கள். 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்ததைச் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரிங் அல்லது எர்த்.

பிறகு பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் பவர் வால்வில் ஓடும் கரன்ட்டை அமைப்பது. 5881-இன் பிளேட் 23 வாட் தாங்கும். அதில் 70 சதவீதம் 16 வாட். பிளேட்டில் 430 வோல்ட் என்றால் 37 மில்லி ஆம்பியர். 6எல்6ஜிசி போட்டிருந்தால் வரம்பு 30 வாட்; 49 மில்லி ஆம்பியர் வரை போகலாம். பழைய 5எஃப்6-ஏ-வில் பயாஸைத் திருப்ப குமிழ் கிடையாது, ரெசிஸ்டரைத்தான் மாற்ற வேண்டும். ஒன்று 25 மில்லி ஆம்பியரிலும் மற்றது 40-லும் ஓடும்போது கேட்டுவிட்டு ‘புதுசு வறட்சியாக இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை.

படி 5: ஒரே ஸ்பீக்கர், ஒரே அளவு சத்தம்

இரண்டிலும் 8 ஓம் ஸ்பீக்கர் நான்கு, பேரலலில் மொத்தம் 2 ஓம். ஆகவே ஒரே பெட்டியை இரண்டு ஆம்புக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பல பத்தாண்டு அடிபட்ட ஜென்சன் கோனுக்கும் நேற்று வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம், வயரிங் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிது. ஸ்பீக்கர் மாற்றும்போது ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் வோல்டேஜ் எழும்பிச் சுருளின் இன்சுலேஷனை எரித்துவிடும்.

போனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் 2.0 வோல்ட் ஏசி வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். 2 ஓமில் அது 2 வாட். மற்ற ஆம்பையும் அதே எண்ணுக்கு, 0.1 வோல்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘இது நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும். வாசிப்பை லூப்பரில் பதிந்து அதையே இரண்டுக்கும் அனுப்புங்கள். ஆம்பை இன்னொருவர் மாற்றட்டும், எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

படி 6: ஒவ்வொன்றாக மாற்றுதல்

முதலில் முன் வால்வு. 12ஏஒய்7-இன் பெருக்கம் சுமார் 40, 12ஏஎக்ஸ்7-க்கு 100. புதியதில் முதல் சாக்கெட்டில் 12ஏஎக்ஸ்7 இருந்தால் கழற்றி 12ஏஒய்7 போடுங்கள். இரண்டுக்கும் பின் (கால்) அமைப்பு ஒன்றே. ‘புதுசில் சத்தம் சீக்கிரம் கிழிகிறது’ என்ற புகாரில் பாதி இங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து ரெக்டிஃபையர். 1990 மறுவெளியீட்டில் டயோடு. எல்டிடியில் 5ஏஆர்4, அதாவது ஜிஇசட்34-தான். டயோடில் வோல்டேஜ் இறங்காது. கம்பியைப் பலமாக அடித்தாலும் நோட்டு விறைப்பாக வரும். வால்வு ரெக்டிஃபையரில் ஒரு கணம் அமுங்கி எழும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பயாஸையும் 2.0 வோல்டையும் மறுபடி சரிசெய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். பேஸ் கிட்டாரின் அடி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். பின்பக்கம் திறந்த இந்தப் பெட்டியில் அந்த அடிநாதம் எந்த வயரிங்கிலும் முழுதாக வராது. நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு 80 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும்தான். கிட்டார்காரர்களும் மவுத் ஆர்கன்காரர்களும் இந்த ஆம்பைத் தமதாக்கிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். மேடையில் டிரம்ஸோடு பேஸ் வாசிக்க வேண்டும் என்றால் இந்த இரண்டில் எதுவும் போதாது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்டுக்குப் போனது சும்மா இல்லை.