வேறு பெயரில் பட்டாளம் போனவரைத் தேடுவது எப்படி

பட்டாளத்தில் இருந்த முன்னோரைத் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் அவரைக் கூப்பிட்ட பெயரைப் பட்டாளத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். நானும் என் சின்னத் தாத்தாவுக்கு அப்படித்தான் எழுதினேன். இப்பெயரில் எவரும் பணியாற்றவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆனால் அவர் போனது நிஜம், அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில்தான் ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் விதைக்கடலை கொட்டி வைத்திருக்கிறோம்.

ஏன் பெயர் மாறியது என்பதை முதலில் யோசியுங்கள், அதிலேயே பாதி வழி தெரிந்துவிடும். வயசு போதாதவர் அண்ணன் பெயரைச் சொல்லிச் சேர்ந்திருப்பார். வீட்டில் சண்டை போட்டு ஓடியவர் யாரும் தேடி வரக்கூடாதென்று புதுப்பெயர் வைத்துக்கொண்டிருப்பார். ஒரு படையை விட்டு ஓடி வேறு படையில் சேர்ந்தவர்கள் உண்டு, சாதிவாரியாக ஆள் எடுத்த காலத்தில் பெயரோடு சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. இதை வெட்கமாக நினைத்துப் பெரியவர்கள் மறைப்பார்கள். அதட்டிக் கேட்காதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தபந்தம் எல்லாம் சேலத்தில் கூடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, மணியார்டர் யார் அனுப்பியதாக, எந்த விலாசத்துக்கு வந்தது என்பதுதான். பெயரை மாற்றினவரும் பணம் போய்ச் சேர வேண்டிய விலாசத்தை மாற்ற முடியாது இல்லையா? அப்பன் பெயர், ஊர், தபாலாபீஸ், வாரிசு என்று எழுதிய இடங்களில்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். எங்கள் அப்பாயி சொன்னது இதுதான்: "உங்க தாத்தா வீட்லயே இருந்தாரு, அவரு அனுப்புனதா அவரு பேர்லயே மாசாமாசம் பணம் வந்துச்சு." தம்பி அண்ணன் பெயரில் போயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய மணியார்டர் கூப்பன் ஒன்று கிடைத்தாலும் விடாதீர்கள்.

அப்புறம் பதக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்குப் பதக்கங்கள் பெயரில்லாமல் கொடுக்கப்பட்டன, இந்தியப் படையினருக்கோ பெயர் பொறித்தே வந்தன. வட்டப் பதக்கமாக இருந்தால் விளிம்பையும் நட்சத்திரமாக இருந்தால் பின்புறத்தையும் பாருங்கள், பட்டாளத்து எண், பதவி, பெயர், படை என்று இருக்கும். படைப்பெயரைச் சுருக்கித்தான் போட்டிருப்பார்கள், உதாரணத்துக்கு ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் சப்ளையும் வண்டிகளும் பார்த்த படை. தயவுசெய்து பித்தளைச் சொம்பு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே படிக்கலாம். பெயர் பொய்யாக இருந்தாலும் எண் அவருடையது, எனவே இனி எல்லா இடத்திலும் எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பட்டாளத்தை விட்டு விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதில் அங்க அடையாளம் எழுதியிருக்கும். மச்சம், தழும்பு, உயரம். அவரைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒப்பிட்டுக் கேட்டு எழுதி வையுங்கள், நான் இதில் தாமதம் செய்து இரண்டு பேரை இழந்துவிட்டேன்.

போனவர் திரும்பவே இல்லையென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் மட்டும் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அங்கே பெயரைப் போட்டுத் தேடாமல் கூடுதல் தகவல் கட்டத்தில் ஊர், தாலுகா பெயரைப் போடுங்கள். இந்திய வீரர்கள் பலருக்கு இன்னார் மகன், இன்ன ஊர் என்று குறித்திருக்கிறார்கள். ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும்தான் பிரிந்தன, அதனால் கிருஷ்ணகிரிக்காரரும் ஓசூர்க்காரரும்கூட பழைய பதிவில் சேலம் ஜில்லாதான்.

உயிரோடு திரும்பியவர் என்றால் பத்திரங்களைப் புரட்டுங்கள். ஊரில் ஒரு பெயர், பென்ஷனில் ஒரு பெயர் என்று இருந்தவர் நிலம் வாங்கும்போது பத்திரம் எழுதுபவர் இரண்டையும் சேர்த்து 'இன்னார் என்கிற இன்னார்' என்று போட்டிருப்பார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு அடமானப் பத்திரத்தில்தான் அது இருந்தது.

இதெல்லாம் கையில் இருந்தால்தான் அந்தந்தப் படையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. எந்தப் படை என்றே தெரியாவிட்டால் சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் பணிக் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அதனால் கோப்பைக் கேட்காமல், 'லாங் ரோல்' என்ற நிரந்தரப் பதிவேட்டில் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கடிதத்தில் எண், படை, பட்டாளத்துப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, பழைய ஜில்லா, உங்கள் உறவுமுறை, இந்த வரிசையில் எழுதி, பத்திர நகலையும் இணையுங்கள்.

எனக்கு இரண்டாம் முறை பதில் வந்தபோது பெயர் என் தாத்தாவுடையது, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சின்னத் தாத்தாவுடையவை. அந்த நாளெல்லாம் தாத்தா எஸ்டேட்டில் காப்பி பறித்துக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பதில் வந்ததும் பட்டாளம் போனவருடைய புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் எண்ணையும் இரண்டு பெயர்களையும் நடுவில் 'என்கிற' போட்டு எழுதிவிடுங்கள்.