குயின்ஸ் புதிரில் நேரத்தைத் தின்னும் தவறுகள்

லிங்க்ட்இன் 2024 மே மாதம் கொண்டுவந்த தினசரிப் புதிர்களில் ஒன்று குயின்ஸ். நிறப் பகுதிகளாகப் பிரிந்த கட்டங்கள் கொண்ட பலகையில், ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், நிறத்திலும் ஒரே ஒரு ராணி. இரண்டு ராணிகள் ஒட்டக் கூடாது, மூலையோடு மூலைகூட.

செஸ் ஆடியவர்கள்தான் முதலில் சறுக்குவார்கள். பழக்கதோஷத்தில் மூலைவிட்டம் முழுவதையும் அடித்துவிடுவார்கள். இங்கே ராணியின் கை குறுக்காக ஒரு கட்டம்தான் எட்டும். இரண்டு கட்டம் தள்ளி இன்னொரு ராணி தாராளமாக உட்காரலாம்.

பெரிய தவறு, ராணிக்கு இடம் தேடுவது. தேட வேண்டியது ராணி வர முடியாத, எக்ஸ் குறி போட வேண்டிய இடத்தை. மிகச் சிறிய நிறத்தில் ஆரம்பியுங்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து இரண்டே கட்டம் உள்ள நிறம் என்றால், ராணி எதில் என்று தெரியாமலே அந்த வரிசையின் மற்ற கட்டங்கள் காலி. நேர் மேலே இரண்டு, கீழே இரண்டு கட்டங்களும் போயின. அவை ஒவ்வொன்றும் இரண்டு கட்டங்களையுமே தொடுகின்றன. ஒரே வரிசையில் மூன்று கட்டம் நேராக இருந்தால், வரிசையின் மற்ற கட்டங்களோடு நடுக்கட்டத்துக்கு நேர் மேலும் கீழும் மட்டும் எக்ஸ். 'ட' வடிவில் மூன்று என்றால் உள்மூலைக் கட்டத்துக்கு எக்ஸ்.

இதற்கு மேல் நகராமல் நிற்பவர்கள் பெரும்பாலும் நிறங்களைச் சேர்த்து எண்ணுவதில்லை. மஞ்சளும் நீலமும் முழுக்க 1, 2ஆம் வரிசைகளுக்குள் அடங்கினால், அந்த இரண்டு வரிசைகளின் ராணிகளும் அவற்றுக்கே. அங்கே தலைநீட்டும் மற்ற நிறக் கட்டங்கள் எல்லாம் எக்ஸ். மூன்று நிறம், மூன்று வரிசை என்றாலும் இதே கணக்கு, நெடுவரிசைக்கும் பொருந்தும். திருப்பியும் பாருங்கள்: இரண்டு வரிசைகளில் மிச்சமிருப்பவை இரண்டே நிறங்களின் கட்டங்கள் என்றால், அந்த நிறங்கள் வேறு வரிசைகளில் இருக்க முடியாது.

ஊகித்து வைப்பது வேண்டாம். விடை ஒன்றுதான், தர்க்கத்தாலேயே கிடைக்கும். சிவப்பு எச்சரிக்கை வரவில்லை என்பதால் ராணி சரி என்று அர்த்தமில்லை. விதி மீறினால்தான் அது வரும். தவறான ராணியை எடுத்த பிறகும், அதை நம்பிக் கையால் போட்ட எக்ஸ்கள் அப்படியே கிடந்து ஏமாற்றும். எவை என்று நினைவில்லாவிட்டால் பலகையைத் துடைத்து மறுபடி தொடங்குவதே வேகம்.

அமைப்புகளில் தானாக எக்ஸ் போடும் வசதி உண்டு, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ராணி வைத்த பிறகுதான் அது வேலை செய்யும். மேலே சொன்ன எக்ஸ்களை நீங்கள்தான் போட வேண்டும்.