பெயரை வைத்தே ஆங்கிலம் பேசப் பழக்குவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கான குறிப்பு இது. வருகிறவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள், வேலைக்குப் போகும் இளைஞர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் அம்மாமார்கள். படித்தால் புரியும், வாயைத் திறந்தால்தான் வராது. இவர்களுக்கு முதல் தலைப்பாக அவரவர் பெயரையே கொடுங்கள். ‘சுற்றுச்சூழல்’ என்று கொடுத்தால் சொல்ல விஷயமும் இருக்காது, சொல்லும் கிடைக்காது. பெயர் என்றால் விஷயம் கையிலேயே இருக்கும். ஆங்கிலத்தை மட்டும் தேடினால் போதும்.

8 முதல் 12 பேர், 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஒருவருக்குக் கிடைக்கும் பேச்சு நேரம் சுருங்கிவிடும்.

வேலை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும், அதுவும் தமிழில். பலருக்குத் தங்கள் பெயரின் பின்னணி தெரியாது. ஆளுக்கு ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்: பெயர் வைத்தது யார்? வேறு யாருடைய பெயராவது இதில் இருக்கிறதா? ஏன் இந்தப் பெயர்? வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அடையாள அட்டையில் எழுத்து எப்படி இருக்கிறது? இந்தத் தாள் இல்லாமல் வகுப்பைத் தொடங்கினால், பத்தில் ஆறு பேர் ‘ஐ டோன்ட் நோ’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஆங்கிலம் வராததால் அல்ல, தகவல் இல்லாததால். இணையத்தில் தேடி எழுதி வருவதை ஊக்குவிக்காதீர்கள். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஒரே பெயருக்கு மூன்று பொருள் கிடக்கும். பாட்டி சொல்லும் காரணம் ஒன்றுதான் இருக்கும், அதைச் சொல்லும்போது குரலும் தெளிவாக வரும்.

வகுப்பு அன்று முதல் பத்து நிமிடம் ஊர்ப் பெயர்களுக்கு. தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கூட ஊரைப் பற்றிப் பேசிவிடுவார். சுங்கை சிப்புட் என்றால் மலாயில் நத்தை ஆறு. ‘சுங்கை சிப்புட் மீன்ஸ் ஸ்னெய்ல் ரிவர்.’ ஈப்போ ஒரு மரத்தின் பெயர், அதன் பாலை அம்பு நுனியில் விஷமாகத் தடவுவார்கள். தைப்பிங் சீனத்தில் பேரமைதி. தெலுக் இந்தான் வைர விரிகுடா. மலாக்காவும் மரப் பெயர்தான், நம் நெல்லி மரம். ஐந்து ஊரைச் சொல்லி முடிப்பதற்குள் ‘மீன்ஸ்’ என்ற சொல் எல்லார் வாயிலும் பத்து முறையாவது வந்துவிடும். அதுதான் நோக்கம்.

பிறகு கரும்பலகையில் நான்கு வாக்கியங்கள் மட்டும்:

‘மை நேம் மீன்ஸ்…’ (பொருள்)
‘இட் கம்ஸ் ஃப்ரம்…’ (எங்கிருந்து வந்தது)
‘ஐ வாஸ் நேம்ட் ஆஃப்டர்…’ (யாருடைய பெயர்)
‘பீப்பிள் கால் மீ…’ (கூப்பிடும் பெயர்)

இந்த நான்கையும் கோத்தால் அரை நிமிடப் பேச்சு. அரை நிமிடம் தடுமாறாமல் பேசியவர் அடுத்த அரை நிமிடத்துக்குத் துணிவார்.

வரும் தவறுகள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ஒன்றே. காரணம் தெரிந்தால் திருத்துவது சுலபம். ‘மை நேம் மீனிங் இஸ் மூன்’ என்பது ‘என் பேரு அர்த்தம் நிலா’ என்ற நம் வாக்கியத்தின் அச்சு. ‘மீனிங்’ என்ற சொல்லையே அன்றைக்குத் தடை செய்யுங்கள். ‘மீன்ஸ்’ தானாக வரும். ‘வாட் இஸ் யுவர் நேம் மீன்?’ என்று கேட்பார்கள், ஏனென்றால் ‘வாட் இஸ் யுவர் நேம்’ சின்ன வயதிலிருந்து ஒரே கட்டியாக மனப்பாடம். அதை உடைக்க, ‘வாட் டஸ்… மீன்’ என்பதை ஊர்ப் பெயரோடு பத்து முறை சொல்ல வையுங்கள்: ‘வாட் டஸ் ஈப்போ மீன்? வாட் டஸ் தைப்பிங் மீன்?’ ‘கால் மீ அஸ் குமார்’ என்பதில் ஒட்டிக்கொள்ளும் ‘அஸ்’, நம் ‘குமார்னு கூப்பிடுங்க’வில் உள்ள ‘னு’தான். ஆங்கிலத்தில் அந்த இடம் காலி: ‘கால் மீ குமார்.’

‘நேம்ட் ஆஃப்டர்’, ‘நேம்ட் பை’ இரண்டும் குழம்பும். தாத்தா பெயர் வைத்தார் என்றால் ‘பை’. தாத்தாவின் பெயரையே வைத்தார்கள் என்றால் ‘ஆஃப்டர்’. இதை விளக்கத் தமிழிலேயே நல்ல கைப்பிடி இருக்கிறது: பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பெயரன் என்றால் ‘நேம்ட் ஆஃப்டர்’ என்று சொல்லிக் கொடுங்கள், மறக்காது.

இனி பொருள் சொல்லும் இடம். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். சில பெயர்கள் நேராகப் போகும். முத்து ‘பேர்ல்’, கவிதா ‘போயம்’, சாந்தி ‘பீஸ்’. சொல்லுக்குச் சொல் மாற்றினால் கெட்டுப்போகும் பெயர்களே அதிகம். ஆறுமுகம் என்கிறவர் ‘மை நேம் மீன்ஸ் சிக்ஸ் ஃபேஸ்’ என்று நிறுத்தினால் கேட்கிறவர் விழிப்பார். தெய்வத்தின் பெயர் என்பதை முதலில் சொல்ல வேண்டும், முகம் பிறகு: ‘இட்ஸ் அனதர் நேம் ஃபார் லார்ட் முருகன், ஹூ ஹாஸ் சிக்ஸ் ஃபேசஸ்.’ வெளிநாட்டவரிடம் பேசும்போது பத்து மலையில் 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் சிலையைச் சுட்டினால் போதும். அவர் படம் பார்த்திருப்பார். சண்முகமும் அதே பொருள்தான். இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள், ‘வீ ஹாவ் த சேம் நேம்’ என்ற வாக்கியம் இலவசமாகக் கிடைக்கும்.

கருப்பையா, முனியாண்டி போன்ற பெயர்களிலும் இதே வழி. கருப்பு என்பதை நிறமாக மட்டும் மொழிபெயர்த்து ‘பிளாக்’ என்று சொன்னால் பெயருக்கு உரியவரே கூனிப்போவார். தோட்டத்து எல்லையில் நின்று காக்கும் சாமியின் பெயர் அது. ‘ஹி இஸ் எ கார்டியன் டெய்ட்டி’ என்பதே சரியான வாக்கியம். கண்மணிக்கு ஆங்கிலத்தில் அருமையான சோடி உண்டு. கண்ணின் பாவையைத்தான் ஆங்கிலத்தார் முன்பு கண்ணின் ஆப்பிள் என்றார்கள். அதனால் ‘த ஆப்பிள் ஆஃப் த ஐ’ என்றால் சொல்லும் பொருந்துகிறது, அன்பும் பொருந்துகிறது.

கிறிஸ்தவத் தமிழ்ப் பெயர்களைத் தனியாகக் கவனியுங்கள். சின்னப்பன் என்பது பால், ராயப்பன் என்பது பீட்டர், அருளப்பன் ஜான், சூசை ஜோசப், சவரிமுத்து சேவியரின் வழி வந்தது. ‘சின்னப்பன் இஸ் த தமிழ் ஃபார்ம் ஆஃப் பால்’ என்று சொன்னால் கேட்கிறவருக்கு உடனே பிடிபடும். சின்ன அப்பா என்று மொழிபெயர்க்கப் போனால் வழி தவறிவிடும்.

சில பெயர்களில் நோவு இருக்கும். முன் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனபின் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து, சாவின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர் குப்பு, குப்பம்மாள். இதை ‘ரப்பிஷ்’ என்று யாரும் சொல்ல விடாதீர்கள். ‘இட் வாஸ் கிவன் டு ப்ரொடெக்ட் த சைல்ட்’ என்பதுதான் அந்தப் பெயரின் உண்மையான மொழிபெயர்ப்பு. பெண் போதும் என்று வைத்த பெயரோடு வரும் அம்மாமாரும் உண்டு. அவர்கள் வீட்டில் கூப்பிடும் பெயரைப் பற்றிப் பேசட்டும், காரணம் கேட்காதீர்கள். பேச விரும்பாத எவருக்கும் ஒரு வாக்கியம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்: ‘ஐட் ராதர் நாட் சே.’ அதைச் சொல்வதும் ஆங்கிலப் பேச்சுதான். பெயரிலிருந்து சாதிக்குப் பேச்சு நழுவினால் அங்கேயே அடுத்தவருக்குத் திருப்பிவிடுங்கள்.

புதுமையாக எழுத்துக் கூட்டி அமைத்த பெயர்களுக்குப் பொருள் இல்லாமல் இருக்கலாம். இட்டுக்கட்ட வேண்டாம். ‘மை பேரன்ட்ஸ் லைக்ட் த சவுண்ட்’ என்பது முழுமையான பதில்.

அடுத்தது அப்பா பெயர். அடையாள அட்டையில் இருக்கும் ஏ/எல், ஏ/பி என்பது மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான், மகன், மகள். குமரன் ஏ/எல் முனியாண்டி வெளிநாட்டுக் கல்லூரிக்கோ விமானச் சீட்டுக்கோ படிவம் நிரப்பும்போது ‘சர்நேம்’ கட்டத்தில் திணறுவார். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, மலேசியக் கடப்பிதழிலும் அதற்கெனத் தனி வரி இல்லை. படிவத்தில் எதை எழுதினாலும் அது கடப்பிதழில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும். பேச்சில் சொல்ல வேண்டியது: ‘ஐ டோன்ட் ஹாவ் எ ஃபேமிலி நேம். முனியாண்டி இஸ் மை ஃபாதர்ஸ் நேம்.’ எதிரில் இருப்பவர் ‘மிஸ்டர் முனியாண்டி’ என்று கூப்பிட்டால் அது அப்பாவைக் கூப்பிடுவது. ‘ப்ளீஸ் கால் மீ குமரன்’ என்று புன்னகையோடு திருத்தப் பழக்குங்கள். ஆங்கிலேயருக்குப் புரிய வைக்க அவர்களின் ஜான்சனே போதும், ஜானின் மகன். ஐஸ்லாந்தில் இன்றும் யோன் என்பவரின் மகள் யோன்ஸ்டோட்டிர்தான். ஏ/பி-க்கு இதைவிட நல்ல உவமை கிடையாது.

முதலெழுத்துக்கு ‘ஸ்டாண்ட்ஸ் ஃபார்’. இதற்கு ஊர்க்காரர் பெயரே எடுத்துக்காட்டு. மலேசியாவின் முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். ‘த வீ ஸ்டாண்ட்ஸ் ஃபார் வீராசாமி, ஹிஸ் ஃபாதர்ஸ் நேம்.’ ‘தி’ எதற்கு என்று மாணவர்களைச் சொல்ல வையுங்கள். திருஞானசம்பந்தர் வரை பேச்சு நீளும்.

எழுத்துக் கூட்டிச் சொல்வதைக் கடைசி இருபது நிமிடத்துக்கு வையுங்கள். இருவரை முதுகோடு முதுகு உட்கார வைத்து, தொலைபேசியில் பேசுவதுபோல் ஒருவர் பெயரைச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். தமிழில் ஒரே ‘ப’, ஒரே ‘ட’ என்பதால் நம் காதும் நாக்கும் அவற்றின் வல்லொலியையும் மெல்லொலியையும் கலந்துவிடும். ஊர்ப் பெயரை வைத்துப் பிரியுங்கள்: பினாங்கின் பி, பட்டர்வொர்த்தின் பி, தைப்பிங்கின் டி, டுங்குனின் டி, மலாக்காவின் எம், நிபோங் திபாலின் என். எழுத்துகளை ஒரே மூச்சில் கொட்டக்கூடாது. மும்மூன்றாக நிறுத்த வேண்டும்: எம்-யூ-என், ஐ-ஏ-என், டி-ஒய். எண்களைச் சொல்வதுபோல் இடைவெளி விட்டால் எழுதுகிறவர் பிழைவிடமாட்டார். பழைய பதிவேடுகளில் காதில் விழுந்தபடி எழுதியதால், லெட்சுமிக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் இருக்கும். அதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும்: ‘இட்ஸ் ஸ்பெல்ட் டிஃபரன்ட்லி ஆன் மை பர்த் சர்டிஃபிகேட்.’ கிளினிக்கிலும் வங்கியிலும் இது கை கொடுக்கும்.

முடிவில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை அறிமுகப்படுத்தட்டும். இங்கே ‘ஹிஸ்’, ‘ஹெர்’ மாறி விழும். மரியாதைக்கு நாம் சொல்லும் ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மலாயின் ‘டியா’வும் அப்படியே. பேசும்போது இடையில் வெட்டித் திருத்தாதீர்கள். கேட்ட தவறைத் தாளில் குறித்து வைத்து, எல்லாரும் முடித்தபின், யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதிச் சேர்ந்து திருத்துங்கள். பெயரைச் சொல்லும்போது வெட்டுப்பட்டவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.